ஓலைச்சுவடி முதல் கணினித் திரை வரை: ஒரகடம் வட்டார நிலக் கணக்கின் வரலாறு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கபெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடம் ஒரகடம். இன்று அந்தச் சந்திப்பில் நிற்பவர் காண்பது கண்டெய்னர் லாரிகளையும், ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசையாக வரும் தொழிற்சாலைப் பேருந்துகளையும், புதிய கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட வண்டிகளையும் ஆகும். ஒரு தலைமுறைக்கு முன் அதே இடத்தில் நின்றவர் கண்டவை ஏரிப் பாசன வயல்கள், மானாவாரிக் கொல்லைகள், ஆடுமாடுகள் மேயும் வெளிகள்.

மண்ணின் தோற்றம் மாறிவிட்டது. ஆனால் அந்த மண்ணைப் பற்றிய கணக்கு தொடர்ந்து வருகிறது. யாருடைய நிலத்துக்கு இழப்பீடு கிடைத்தது, யார் வெறுங்கையோடு நின்றார், எந்த ஏரி பிழைத்தது, எந்தக் கால்வாய் தூர்ந்தது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இன்று பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை ஆகிய அனைத்தும் கணினி வழியே கிடைக்கின்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், கணினி தானாக எதையும் அறிந்துகொள்வதில்லை. பழைய பதிவேடு என்ன சொல்லிற்றோ அதையே அதுவும் சொல்கிறது. பதிவேடு நேர்மையாக இருந்தால் கணினியும் நேர்மையாக இருக்கும். பதிவேட்டில் பிழை இருந்தால் அப்பிழை முன்னிலும் விரைவாகப் பரவும். இந்த உண்மையை நம் வட்டாரத்தின் ஆயிரம் ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் எழுதிய ஒழுங்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் இரார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதே கல்வெட்டில் உள்ள மற்றொரு விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் சென்றவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வர முடியாது என்பதே அவ்விதி.

அந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஊரின் நீர்நிலையைக் காப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது. அக்குழு ஊர்ச் சபைக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. அந்தச் சபையில் நிலமும் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே இடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உழுதவரும் ஏரிக்கு மண் சுமந்தவரும் குடத்தில் ஓலை இட முடியவில்லை. ஆயினும், பொதுச் சொத்தின் கணக்கு பொதுவில் சொல்லப்பட வேண்டும் என்னும் எண்ணம் நம் மாவட்டத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருந்தது.

நவாபின் ஜாகீரும் பர்னார்டின் அளவையும்

ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை சென்றடையும் வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த நவாப்தான் 1763-ஆம் ஆண்டில் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். தன் கைக்கு வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய கம்பெனி, பொறியாளர் தாமஸ் பர்னார்டிடம் அளவைப் பணியை ஒப்படைத்தது. 1767 முதல் 1774 வரை அப்பணி நடைபெற்றது. ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன.

பர்னார்டு இவற்றையெல்லாம் தாமே கண்டறிந்துவிடவில்லை. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலைச்சுவடிகளில் எழுதி வைத்திருந்த கணக்குகளே அவருக்கு அடிப்படையாயின. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் ஏரிக்கும் கால்வாய்க்கும் எவ்வளவு, தோப்புக்கும் வீட்டு மனைக்கும் எவ்வளவு, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, எத்தனை வீடுகள், எந்தெந்தத் தொழில் செய்வோர் என்பன அவற்றில் இருந்தன. களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணி செய்வோர்க்கும், ஏரிப் பராமரிப்புக்கும், சமய நிறுவனங்களுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்னும் விவரமும் இருந்தது. அவ்வோலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவற்றின் மதிப்பை 1960-களில் உணர்ந்து உலகறியச் செய்தவர் வரலாற்று அறிஞர் தரம்பால்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஏரிக்கென்று தனியே ஒரு பங்கு இருந்தது. விளைச்சல் வீடு போய்ச் சேருமுன் ஏரியின் பங்கு எடுக்கப்பட்டது. இன்றைய தேவையை நிறைவு செய்யும்போது வருங்காலத் தலைமுறையின் தேவையைப் பறித்துவிடக் கூடாது என்பதையே 'நீடித்த வளர்ச்சி' என்று 1987-ஆம் ஆண்டில் பிரண்ட்லண்ட் ஆணையம் வரையறுத்தது. அச்சொல்லை அறியாத நம் ஊர்க் கணக்கர்கள் அக்கருத்தை ஓலையில் ஒரு செலவினமாக எழுதி வைத்திருந்தார்கள்.

கம்பெனி ஆட்சியில் வரி வசூலே முதன்மையாயிற்று. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் கவனம் செலுத்தினார் என்றாலும், ஊர் தானே ஏரிக்கு ஒதுக்கிய பங்கு நாளடைவில் தேய்ந்தது. கணக்கில் ஏரி இருந்தது. அதன் பங்கு இல்லாமற் போயிற்று.

ஜமாபந்தியும் ஜமாஅத்தும்

நில நிருவாகத்தில் நாம் அன்றாடம் வழங்கும் சொற்களுள் பல அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்தவை. தாலுகா, பிர்கா, தாசில்தார், மராமத்து, மகஜர், ஜப்தி, இனாம் ஆகியவை சில. வருவாய்க் கணக்குக்குரிய ஆண்டு 'பசலி' எனப்படுகிறது. அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த இவ்வாண்டு முறை, முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் வழக்குக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஜூலை முதல் நாள் பசலி பிறக்கிறது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது பிறந்த ஆங்கில ஆண்டு கிடைக்கும். இன்றும் கிராம நிருவாக அலுவலரின் கணக்குகள் பசலிப்படியே முடிக்கப்படுகின்றன.

பசலி முடியும் தறுவாயில் ஒவ்வொரு வட்டத்திலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் அனைத்தும் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சரிபார்க்கப்படும். மக்கள் தம் குறைகளை மனுவாகத் தருவர். 'ஜமா' என்னும் சொல்லுக்கு ஒன்றுசேர்த்தல், கூட்டுத்தொகை என்பது பொருள். மக்கள் ஒன்றுசேர்ந்தால் ஜமாஅத். கணக்குகள் ஒன்றுசேர்ந்தால் ஜமாபந்தி. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. கணக்கு ஒன்றுசேரும் இடத்தில் மக்களும் ஒன்றுசேர்ந்திருந்தால்தான் கணக்கு நேராக இருக்கும் என்பதை இச்சொல்லுறவு நமக்கு நினைவூட்டுகிறது.

எழுதப்பட்டும் இழக்கப்பட்ட நிலம்

ஏட்டில் எழுதிவிட்டால் மட்டும் உரிமை நிலைத்துவிடாது என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. 1891-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் வாழ்வதை விரிவான அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892-ஆம் ஆண்டில் அம்மக்களுக்குத் தரிசு நிலங்களை வழங்க அரசாணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் அவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவையே பஞ்சமி நிலங்கள். அவற்றைப் பிற வகுப்பினருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனை பதிவேட்டிலேயே இருந்தது.

பதிவேடு இருந்தது, ஆனால் அதைப் படிக்கும் நிலையில் உரியவர்கள் இல்லை. எழுத்தறிவு அவர்களுக்கு எட்டவில்லை. கணக்குப் புத்தகமோ வேறொருவர் வீட்டுப் பரணில் இருந்தது. காலப்போக்கில் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. தன்னைப் பற்றிய பதிவைத் தானே காண முடியாத மனிதன் அதை இழப்பதற்கு அதிக காலம் ஆவதில்லை.

1980: கர்ணத்தின் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு

பல தலைமுறைகளாக ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்தது. நேர்மையான கர்ணங்கள் பலர் இருந்தனர். ஊரின் ஒவ்வொரு வரப்பையும் நினைவில் வைத்திருந்த அவர்களுடைய அறிவு அரியது. ஆயினும், ஒரு குடும்பத்தின் உடைமையாகப் பொதுக் கணக்கு இருந்தது என்பதே குறை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, முழுநேரக் கிராம நிருவாக அலுவலர்களை நியமிக்க வழி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982-இல் அரசின் முடிவு உறுதி செய்யப்பட்டது.

அதே காலத்தில்தான், 1979-இல் தொடங்கி 1987 வரை, நிலவுடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடைபெற்றது. மக்கள் அதனை 'யு.டி.ஆர்.' என்றே அழைக்கின்றனர். பழைய பட்டா எண்களுக்கு மாற்றாகப் புதிய எண்கள் வந்தன. ஏக்கர், சென்ட் கணக்குக்கு மாற்றாக ஹெக்டேர், ஏர் கணக்கு வந்தது. இறந்தவர் பெயரிலிருந்த பட்டாக்களை உயிருடன் இருக்கும் அனுபவதாரர் பெயருக்கு மாற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

நோக்கம் நன்று. ஆனால் விசாரணை நடந்த நாளில் ஊரில் இல்லாதவர்களின் நிலை வேறு. பிழைப்புத் தேடி வெளியூரும் வெளிநாடும் சென்றவர்கள், பங்கு கேட்டு முன்வரத் தயங்கிய பெண்மக்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆகியோரின் பெயர்கள் பல இடங்களில் விடுபட்டன. நான்கு பேர் கூட்டுப் பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் நின்றது. சர்வே எண் ஒன்றாகவும் பரப்பு வேறாகவும் பதிவாயிற்று. 'யு.டி.ஆர். பிழை திருத்தம்' என்னும் மனு இன்றும் ஓயவில்லை என்பதே இதற்குச் சான்று.

தொழிற்சாலையும் கணினியும் ஒருசேர வந்த காலம்

மத்திய அரசு 1988-89-இல் நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகம் 'பூமி' என்னும் திட்டத்தின் வழியே சுமார் 67 லட்சம் நிலவுடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, 2001-இல் நாட்டின் கவனத்தைக் கவர்ந்தது. தமிழ்நாட்டில் 'தமிழ் நிலம்' என்னும் மென்பொருள் வட்ட அலுவலகங்களுக்கு வந்தது. பதிவுத் துறையில் 'ஸ்டார்' திட்டம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, அதன் இரண்டாம் வடிவம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

இதே ஆண்டுகளில்தான் நம் வட்டாரத்தின் முகம் மாறியது. 1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் இங்கே தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் செயல்படத் தொடங்கின. தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புக்கென்றே தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி, 2001 முதல் அதை நடைமுறைப்படுத்தியது.

நில எடுப்பு அறிவிக்கை வரும் நாளில் பதிவேடு என்ன சொல்கிறதோ அதுவே பேசும். பட்டாவில் பெயர் உள்ளவருக்கு இழப்பீடு. பத்திரம் பதிந்தும் பட்டா மாற்றாதவர் அலைய நேர்ந்தது. பாட்டனார் பெயரிலேயே பட்டா இருந்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு நாற்று நட்டவர், மேய்ச்சல் நிலத்தை நம்பி ஆடு வளர்த்தவர் ஆகியோர்க்குப் பதிவேட்டில் இடமே இல்லை. குத்தகையாளரும் விவசாயக் கூலிகளும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்னும் வரையறைக்குள் வந்தது 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தில்தான். அது நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி முதல் நாள்; நம் வட்டாரத்தில் பெரிய ஆலைகள் பல எழும்பி முடிந்த பிறகு.

கணினி வந்ததால் இந்தக் குறைகள் தோன்றவில்லை. ஆனால் யு.டி.ஆர். பதிவே கணினிப் பதிவுக்கு அடிப்படையாயிற்று. பிழைகளும் அவ்வாறே ஏறின. முன்பு கையெழுத்தில் இருந்த தவறு இப்போது அச்சில் வந்தது. அச்சில் வந்ததை மறுப்பது எளிய மனிதர்க்குக் கடினம்.

'ஏரிப் புறம்போக்கு' என்னும் இரண்டு சொற்கள்

2015 டிசம்பர் முதல் நாள் இரவை நம் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றில் ஓடியது அந்த நீர் மட்டுமன்று. படப்பை, ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம் எனத் தொடரும் ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில்தான் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்கள் தம் வீதி ஒரு காலத்தில் நீரின் வழியாக இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

ஆனால் பதிவேடு அதை முன்பே அறிந்திருந்தது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு உண்டு. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே அது பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா, மேய்க்காலா என்று எழுதப்பட்டிருக்கும். மனை விற்பவர் அதைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. முன்பு அதைப் பார்க்க வேண்டுமானால் கிராம நிருவாக அலுவலரைத் தேடிப் பலமுறை நடக்க வேண்டும். இன்று தமிழக அரசின் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால், கட்டணமின்றி எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கணினி வழிப் பொதுச் சேவைக்கும் நீடித்த வளர்ச்சிக்கும் உள்ள நேரான தொடர்பு இதுவே ஆகும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. ஏரியின் எல்லை எது என்பது பதிவேட்டில் தெளிவாக இருந்தால்தான் அச்சட்டத்துக்கு வலிமை உண்டு. அப்பதிவேட்டை ஊரார் அனைவரும் காண முடிந்தால்தான் ஏரிக்குக் காவல் உண்டு. அன்று ஏரி வாரியத்தின் கணக்கைச் சபை மட்டுமே கேட்டது. இன்று ஏரிக்கு மண் சுமந்தவரின் பேரனும் அக்கணக்கைக் கைப்பேசியில் காணலாம். காண வேண்டும் என்னும் எண்ணம்தான் நமக்கு வர வேண்டும்.

மேலூரும் நல்லவாடும் தரும் பாடம்

கருவி மட்டும் போதாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இணைந்து கிராமந்தோறும் இணையக் கூடங்களை ஏற்படுத்தின. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்குக் கூடத்திலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மக்கள் ஆர்வத்தோடு வந்தனர். ஆனால் கூடம் நடத்தியவர்க்கு வருவாய் போதவில்லை. பழுது பார்க்க ஆள் இல்லை. ஆதரித்த அலுவலர்கள் மாறிச் சென்றனர். சில ஆண்டுகளில் பல கூடங்கள் மூடப்பட்டன. நீடித்த வளர்ச்சிக்கென வந்த சேவையே நீடிக்கவில்லை.

மற்றொன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தில், கடலின் நிலையை மீனவர்க்கு அறிவிக்க ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை செய்தார். ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் வெளியேறியது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,600-க்கும் மேற்பட்ட மக்களில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. சாதனம் சிறியது. ஆனால் செய்தியை மக்களிடம் சேர்ப்பதைத் தம் கடமையாகக் கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். அதுவே வேறுபாடு.

பெயரில் உள்ள சிக்கல்

நம் சமூகத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் இங்குச் சொல்ல வேண்டும். ஒரே மனிதரின் பெயர் பத்திரத்தில் 'மகமது காசிம் சாயபு' என்றும், பட்டாவில் 'காசீம்' என்றும், குடும்ப அட்டையில் 'முகமது காசிம்' என்றும், ஆதாரில் 'முஹம்மத் காஸிம்' என்றும் இருக்கிறது. ஊரார் கண்ணுக்கு அவர் ஒருவரே. கணினிக்கு அவர் நான்கு பேர். பிள்ளைகள் வாரிசுச் சான்றுக்குச் செல்லும்போது, தந்தையார் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் மாதங்கள் கழிகின்றன. எழுத்து வேறுபாட்டை மனிதர் பொறுத்துக்கொண்ட காலம் கடந்துவிட்டது.

பிறப்புப் பதிவு உள்ளிட்ட சட்டப்படியான அடையாளத்தை 2030-க்குள் அனைவர்க்கும் உறுதி செய்ய வேண்டும் என்பது, 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் அடங்கிய ஒரு குறிக்கோள். நம் ஜமாஅத்துகள் பேணிவரும் நிக்காஹ் தப்தர்கள் இவ்வகையில் விலைமதிப்பற்றவை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். தப்தரில் எழுதும் பெயரும் அரசுப் பதிவில் எழுதும் பெயரும் ஒன்றாக இருந்தால், அடுத்த தலைமுறையின் அலைச்சல் பாதி குறையும்.

வக்ஃப் சொத்துகளின் நிலையும் இதுவே. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் இன்றும் நீதிமன்றங்களில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 2009-இல் வக்ஃப் சொத்துகளுக்கெனக் கணினிப் பதிவு முறை வந்தது. 2025 ஜூன் மாதத்தில் 'உமீத்' என்னும் புதிய இணையதளம் தொடங்கப்பட்டது. முறைகள் மாறலாம்; சட்டங்கள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். எந்த முறையிலும் சாசனமும், சர்வே எண்ணும், எல்லை அளவும் கையில் உள்ளவரே பேச முடியும்.

நம் வட்டாரத்தில் ஆலைப் பணிக்கு வந்துள்ள வடமாநிலத் தொழிலாளர்களையும் மறத்தலாகாது. 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தம் ஊர் அட்டையைக் கொண்டே இங்கே உணவு தானியம் பெறலாம் என்பதை அறியாதவர் அவர்களுள் பலர். ஜும்ஆவுக்கு வரும் அச்சகோதரர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதும் ஓர் உதவியே.

நாம் செய்யத்தக்கவை

வரலாறு நமக்குச் சொல்வதைச் செயலாக மாற்ற அதிகப் பொருட்செலவு தேவையில்லை.

முதலாவதாக, ஒவ்வொரு குடும்பமும் தன் பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றை இணையத்தில் பார்த்து, பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால், நில எடுப்பு அறிவிக்கை வரும் வரை காத்திராமல் இன்றே மாற்ற வேண்டும். பெண்மக்களின் பங்கு பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

இரண்டாவதாக, வீட்டு மனை வாங்குமுன் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஏரியில் கட்டிய வீடு நமக்கும் கேடு. நமக்குக் கீழே வாழ்வோர்க்கும் கேடு.

மூன்றாவதாக, பிழை கண்டால் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். பலர் பிழை ஒரே வகையானதாக இருந்தால் ஒன்றாகச் செல்வது நலம்.

நான்காவதாக, கணினி அறிந்த நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் முதியோர்க்கும் எழுத்தறியாதார்க்கும் ஒதுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்த மூதாட்டியையும், கைப்பேசி இல்லாத கூலித் தொழிலாளியையும் எந்த மென்பொருளும் தேடி வராது. அவர்களிடம் நாம்தான் செல்ல வேண்டும். இதில் மத வேறுபாடு பார்த்தல் தகாது.

உத்திரமேரூரில் கல்லில் எழுதினார்கள். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதினார்கள். கர்ணங்கள் காகிதத்தில் எழுதினார்கள். இன்று கணினியில் எழுதுகிறார்கள். எழுதும் பொருள் மாறியதே அன்றி, எழுதியதை உரியவர் படிக்க வேண்டும் என்னும் தேவை மாறவில்லை. பஞ்சமி நிலம் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று. நமக்கு அது கையருகே வந்திருக்கிறது. இவ்வாண்டு ஜமாபந்திக்கு முன்னதாக, நம் வீட்டுப் பதிவையும் நம் ஊர் ஏரியின் பதிவையும் ஒருமுறையேனும் திறந்து பார்ப்போமாக.